பழைய அச்சு நூல்களின் தாள்நிலையை ஊறு செய்யாமல் அறிதல்: நிலைப்பாட்டு அறிக்கை

பழைய தமிழ் அச்சு நூல்களின் தாள் எந்த அளவுக்குத் தளர்ந்துள்ளது என்பதை அறிய விரும்பும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும், நூலிலிருந்து ஓர் இழையையும் எடுக்காத, அதன்மேல் எதையும் பூசாத அறிவியல் முறைகளையே முதலில் கையாள வேண்டும் என்பதும், அவற்றால் விடை காண இயலாத இடத்தில் மட்டுமே, எழுத்து மூலமான ஒப்புதலுடன், மாதிரி எடுத்துச் சோதிக்கலாம் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு ஆகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கந்தல் துணிக்கு மாற்றாக மரக்கூழ் தாளின் மூலப்பொருளாகப் பரவியது. மை ஊறிப் படராதிருக்கப் படிகாரமும் பைன் மரப் பிசினும் கூழில் சேர்க்கப்பட்டன. படிகாரத்தால் உண்டாகும் அமிலம், தாளுக்கு வலுவூட்டும் செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைச் சிறுகச் சிறுகத் துண்டிக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நம் ஊர்களில் இவ்வினை மேலும் விரைகிறது. சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887இலும், புறநானூறு 1894இலும் அச்சேறியது இத்தகைய தாள் பெருகிய காலத்திலேதான். ஏட்டிலிருந்து மீட்கப்பட்ட இலக்கியம் மீண்டும் அழியும் பொருளின்மேல் ஏறியது என்பதை எண்ணும்போது, எஞ்சியுள்ள படிகளின் மீது கைவைக்குமுன் எவரும் தயங்கியே ஆக வேண்டும்.

அத்தயக்கம் வழக்கிலுள்ள சோதனைகளில் இல்லை. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்து, எத்தனையாவது மடிப்பில் முறிகிறது என்று எண்ணும் சோதனை, தளர்ந்த தாளில் மூலையையே பலிகொள்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் நிறமறிப் பேனா அழியாத கோட்டை விட்டுச்செல்கிறது. செல்லுலோஸ் சங்கிலியின் நீளத்தை ஆய்வகத்தில் நேரடியாக அளக்கவோ, தாள்துண்டைக் கரைத்தே ஆக வேண்டும்.

இதற்கு மாற்றாக அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல் இன்று கைக்கு எட்டியுள்ளது. கண்ணுக்குப் புலப்படும் சிவப்பொளியை அடுத்துள்ள, புலப்படாத கதிர்களை ஓரவெளியின் மீது சில நொடிகள் செலுத்தி, எந்த அலைநீளங்கள் எவ்வளவு உறிஞ்சப்பட்டன என்பதை அளந்து, இயல்பு முன்பே அறியப்பட்ட தாள்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டால், அமிலத்தன்மை, லிக்னின் எனப்படும் மரப்பொருளின் அளவு, சங்கிலி நீளம் ஆகிய மூன்றையும் மதிப்பிடலாம். சங்கிலியின் சராசரி நீளம் ஏறத்தாழ 300 குளுக்கோஸ் அலகுகளுக்குக் கீழே இறங்கிய தாள், புரட்டும்போதே ஓரம் உதிரும் நிலையை எட்டியதாகக் கொள்ளப்படுகிறது. பழைய நூலின் மணமும் சான்றாகும்: லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்களின் பங்கேற்புடன் 2009இல் வெளியான ஆய்வு, 72 பழைய தாள்களிலிருந்து வெளிப்பட்ட, அசெட்டிக் அமிலம், ஃபர்ஃபுரால் போன்ற எளிதில் ஆவியாகும் சேர்மங்களைத் தாளின் இயல்போடும் சிதைவோடும் தொடர்புபடுத்திக் காட்டியது.

எனினும், ஐரோப்பியத் தாள்களைக் கொண்டு உருவாக்கப்பட்ட ஒப்பீட்டு அளவீடுகளை இங்குள்ள நூல்களுக்கு அப்படியே பொருத்துவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. இந்திய ஆலைகள் சபாய்ப் புல்லையும் பின்னர் மூங்கிலையும் கூழாக்கின. அத்தகைய தாளுக்கு அந்த அளவீடுகள் தவறான எண்ணைத் தரக்கூடும். ஆகவே, எந்த நூலைச் சேர்ந்தவை என்று அறிய இயலாத உதிரித் தாள்களையும், மிகுதியாகக் கிடைக்கும் பிற்காலப் பதிப்புகளின் சிதைந்த படிகளையும் கரைத்துச் சோதித்து, நம் தாள்களுக்கெனத் தனி ஒப்பீட்டுத் தொகுதி ஒன்றை உருவாக்க வேண்டும். சில தாள்களை இழந்தே பல்லாயிரம் நூல்களை இழப்பின்றி அளக்க இயலும் என்பதால், இவ்விழப்பை இவ்வமைப்பு வெளிப்படையாக ஆதரிக்கிறது.

கருவியின் விலை சிறு நூலகங்களுக்கு எட்டாதது என்பதால், அரசு ஆவணக் காப்பகமோ பல்கலைக்கழகமோ கருவியை வைத்திருந்து, பயிற்சி பெற்ற பணியாளரோடு நூலகந்தோறும் கொண்டுசெல்லும் ஏற்பாடு வேண்டும். அளந்த நாள், அளந்த பக்கம், கிடைத்த எண், ஒப்பிட்ட தொகுதியின் பெயர் ஆகியவை நூற்பட்டியலில் அந்தந்த நூலின் பதிவோடு சேர்க்கப்பட்டு, ஆய்வாளர் எவரும் காணுமாறு திறந்து வைக்கப்பட வேண்டும்.