மாத்திரைக்கு மாத்திரை பகை!

காசநோய்க்கு 6 மாதம் மருந்து. கூடவே 'மாலா' கருத்தடை மாத்திரை. ஒருநாள் தவறாமல் விழுங்கினாலும் கர்ப்பம் தங்கிவிடலாம்! பழி யார் தலையில்? அந்தப் பெண் தலையில்தான்!

உண்மைக் குற்றவாளி, காசநோய் மருந்தான ரிபாம்பிசின். 'மாலா'வில் உள்ள ஈஸ்ட்ரோஜன் 0.03 மில்லிகிராம்தான். கல்லீரலை முடுக்கிவிட்டு அதையும் சீக்கிரமே கரைத்துவிடுகிறது ரிபாம்பிசின். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயின், கார்பமாசெபைனும் இதே ரகம்.

அதற்காகக் காசநோய் மருந்தை நிறுத்தலாமா? கூடவே கூடாது! காப்பர்-டி இருக்கிறது, ஆணுறை இருக்கிறது. ரிபாம்பிசின் முடிந்த பிறகும் 4 வாரம் உஷார் தேவை.

"ஏம்மா, வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" மருந்து கொடுக்கிறவர்கள் இந்த ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? வாயா வலித்துவிடும்?