நெய்தவர் குரல் யாருக்குச் சொந்தம்?

பத்தமடையில் கல்யாணப் பாய்க்குச் சொல்லிவைத்தால், மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். ஆற்றங்கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய நாராகக் கிழித்து, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்க வேண்டும். எழுத்து வரும் இடத்தில் கை இன்னும் மெதுவாகும். இத்தனையும் செய்து முடித்த பாயில் வாங்குகிறவர் பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது. புவிசார் குறியீடும் ஊரின் பெயரைத்தான் காக்கிறது. ஆளின் பெயர் அதன் கணக்கில் வருவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்க இன்றைக்குப் பெரிய செலவு இல்லை. நெய்தவரைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் பேசச் சொல்லிப் பதிந்து, அதற்கான கியூஆர் கோடைச் சின்ன அட்டையில் அச்சிட்டுப் பாயோடு கட்டிவிடலாம். துணிப் பொம்மைக்குள் ஒலிச் சில்லு ஒன்றை வைத்துத் தைத்துவிடலாம். புத்தகத்தின் பக்கத்தில் ஒரு வில்லையை ஒட்டி, பேசும் பேனாவால் தொட்டால் பாட்டியின் குரல் கேட்கும்படி செய்யலாம். எல்லாம் வரவேற்க வேண்டியவைதான். ஆனால், யார் பேசுகிறார், பேசியது எங்கே தங்குகிறது, அது யாருடைய சொத்து என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் பொருளைப் பேசவைத்தால், பெயர் இல்லாத பாயோடு பெயர் இல்லாத குரலும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

அப்படி ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, 1878-ல், அது எதற்கெல்லாம் பயன்படும் என்று தாமஸ் ஆல்வா எடிசன் ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார். பார்வையற்றோருக்கான பேசும் புத்தகம், குடும்பத்தாரின் குரலைச் சேமித்துவைத்தல், பேசும் பொம்மை எல்லாமே அதில் இருந்தன. 1890-ல் பொம்மையைக் கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். தகர உடம்பு, அதற்குள் சின்ன மெழுகு உருளை, முதுகில் கைப்பிடி. ஒரு பதிவை ஆயிரக்கணக்கில் நகலெடுக்கும் வழி அப்போது இல்லை. எனவே, கூலிக்கு அமர்த்தப்பட்ட இளம்பெண்கள் ஒவ்வொரு பொம்மைக்கும் தனித்தனியாகக் குழந்தைப் பாட்டைச் சொல்லிப் பதிந்தார்கள். பொம்மைகள் சீக்கிரமே பழுதாகின; சில வாரங்களில் விற்பனை நின்றது. எஞ்சிய உருளைகள் சிலவற்றின் ஒலியை, ஊசி படாமல் ஒளியால் வருடி, இக்காலத்தில் மீட்டிருக்கிறார்கள். நூற்று முப்பது ஆண்டுக்கு முந்தைய குரல் இன்று கேட்கிறது. பேசிய பெண் யார் என்பதுதான் தெரியாது.

கதைக்கு விலை உண்டு

2009-ல் ஜோஷுவா கிளென், ராப் வாக்கர் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். பழைய சாமான் கடைகளில் மொத்தம் 128.74 டாலருக்கு நூறு உதவாக்கரைப் பொருட்களை வாங்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாளரிடம் கதை எழுதி வாங்கி, கதையோடு சேர்த்து ஈபே தளத்தில் ஏலம் விட்டார்கள். கிடைத்த தொகை 3,612.51 டாலர். கதைகள் கற்பனை என்பதை மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; ஏலம் எடுத்தவர்கள் தெரிந்தே வாங்கினார்கள்.

அடுத்த ஆண்டு பிரிட்டனின் மான்செஸ்டரில் இதற்கு நேரெதிரான முயற்சி ஒன்று நடந்தது. ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் கடைக்குப் பழைய பொருட்களைக் கொடுக்க வந்தவர்களிடம், அந்தப் பொருள் தம்மிடம் எப்படி வந்தது, ஏன் பிரிகிறோம் என்று சொல்லச் சொல்லிப் பதிந்து, அதற்கான அடையாள வில்லையைப் பொருளிலேயே கட்டிவிட்டார்கள். வாங்க வந்தவர் கைப்பேசியைக் காட்டினால் முந்தைய உரிமையாளரின் குரல் கேட்கும். இங்கே கதை உண்மை. சொன்னவரும் உண்மையான ஆள்.

நம் கைவினைச் சந்தை இந்த இரண்டில் எதைப் பின்பற்றுகிறது? பெரும்பாலும் முதலாவதை, அதிலிருந்த நேர்மையை மட்டும் விட்டுவிட்டு. ஆயிரம் ஆண்டுப் பாரம்பரியம், தலைமுறை தலைமுறையாக வந்த ரகசியம் என்று விளம்பர நிறுவனத்தில் எழுதிய வசனத்தைத் தேர்ந்த குரல்காரர் படிக்க, பின்னணியில் புல்லாங்குழல் ஒலிக்கும். (கைவினை என்றால் ஏன் எப்போதும் புல்லாங்குழல்? தறிச் சத்தத்துக்கு என்ன குறைச்சல்?) கியூஆர் கோடு வழியாகக் கேட்ட உடனே தெரிந்துவிடும்: பேசுபவர் அந்தத் தறியில் ஒரு நாளும் உட்கார்ந்தவர் இல்லை. கதை பொருளின் விலையை ஏற்றும் என்பது உறுதியான பிறகு, அந்தக் கதையின் சொந்தக்காரரை ஓரங்கட்டுவது மறதியால் நடக்கிறது என்று நம்ப முடியவில்லை.

குரல் எங்கே குடியிருக்கிறது?

கருவிகளைப் பற்றிப் பேசும்போது விலையையும் ஒலித் தரத்தையும்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது வேறு. திறந்தால் பேசும் வாழ்த்து அட்டை, அழுத்தினால் பேசும் கரடிப் பொம்மை ஆகியவற்றில் குரல் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. கைவினை ஆர்வலர்கள் வாங்கிப் பொருத்தும் ஐஎஸ்டி 1820 சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துப் பேசினால் பத்து நொடி பதியும். தரம் குறைந்தால் பரவாயில்லை என்றால் இருபது நொடி வரை இழுக்கலாம். மின்சாரம் இல்லாமலே பதிவு நூறாண்டு நிற்கும் என்கிறது அதன் தொழில்நுட்பக் குறிப்பு. கேட்பதற்குத்தான் பேட்டரி வேண்டும். பொம்மையைப் பிரிக்காமல் பேட்டரி மாற்ற வழி வைத்துத் தைத்தவர்கள் புத்திசாலிகள். அமெரிக்காவில் ஹால்மார்க் வெளியிட்ட பதிவுப் புத்தகங்களும் இந்த வகைதான். போர்முனைக்குப் போகும் ராணுவத்தினர் பக்கம் பக்கமாக வாசித்துப் பதிந்து பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றார்கள்.

பேசும் பேனாவின் கதை வேறு. பக்கத்தில் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத புள்ளிக் கோலம் அச்சாகியிருக்கும். பேனா முனையிலுள்ள சின்னக் கேமரா அதைப் படித்து, அதற்குரிய ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கும். லண்டனின் மந்த்ரா லிங்குவா பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் இருமொழிக் குழந்தை நூல்களை இந்த முறையில் தருகிறது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தெரியாமலே தமிழ்க் கதை கேட்கலாம். இதே நுட்பத்தில்தான் பிரிட்டனின் பார்வையற்றோர் நிறுவனமான ஆர்என்ஐபி, 2009-ல் பென்ஃபிரண்ட் என்ற பேனாவைக் கொண்டுவந்தது. மருந்துப் புட்டியிலும் மசாலா டப்பாவிலும் வில்லையை ஒட்டி, தம் குரலிலேயே பெயரைப் பதிந்துகொள்ளலாம். அருமையான கருவி. ஆனால், குரல் இருப்பது பேனாவுக்குள். பேனா தொலைந்தால் புத்தகம் ஊமை.

கியூஆர் கோடு இன்னும் ஒரு படி தள்ளி. 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பார்த்துப் பழகிவிட்டதால் அது நமக்குப் புதிதல்ல. குரல் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. நிறுவனம் இணையதளத்தைப் புதுப்பித்தாலோ, கட்டணம் கட்ட மறந்தாலோ, கடையையே மூடினாலோ அட்டையில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் மிச்சம். ஐம்பது ஆண்டு உழைக்கும் பித்தளை விளக்கோடு ஐந்து ஆண்டு கூடத் தாங்குமா என்று சொல்ல முடியாத இணைப்பைக் கட்டி விற்கிறோம்.

பொத்தானை அழுத்தியவர்

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். அதாவது, முன்முயற்சி எடுத்துப் பொறுப்பேற்றுப் பதிந்தவர். பேசியவர் கதி? நிகழ்த்துநர் என்ற முறையில் அவருக்கு ஐம்பது ஆண்டு உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கவும் இடமிருக்கிறது. சொற்பொழிவாளரையும் பாம்பாட்டியையும் பெயர் சொல்லியே நிகழ்த்துநர் வரிசையில் சேர்த்திருக்கும் சட்டத்தில், தறியில் உட்கார்ந்து கதை சொல்பவருக்காகவும் வாதாடலாம். ஆனால், வாதாடித்தான் பெற வேண்டும். ஒரு நெசவாளர் எந்த வக்கீலைப் பிடித்து வாதாடப் போகிறார்? ஆகவே, பதிவுக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில் வேண்டும். குரல் எதற்குப் பயன்படும், எத்தனை நாளைக்கு, என்ன தொகை, வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது என்பவை அதில் இருக்க வேண்டும். இன்று சில நிமிடக் குரல் கையில் இருந்தால் அதே குரலில் சொல்லாததையும் சொல்லவைக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒப்பந்தம் இல்லாத பதிவு முன்னைவிட ஆபத்தானது.

புத்தகத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நம் பிள்ளைக்காக வீட்டில் வாசித்துப் பதிவதில் சிக்கல் இல்லை. பிறர் எழுதிய நூலை வாசித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு அனுமதி வேண்டும். பார்வை மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்காகச் செய்வதற்கு 2012 திருத்தம் விலக்கு தந்திருக்கிறது. அவ்வகை நூல்களை நாடுகளுக்கிடையே பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கைக்கு 2014-ல் முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. பாராட்ட வேண்டிய வேகம்.

‘ம்’ கொட்டுபவர் எங்கே?

பதியும் விதத்திலும் நாம் தவறுகிறோம். நம் வீடுகளில் கதை கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், “தூங்கிட்டியா?” என்று பாட்டி கேட்பார், கதை அங்கேயே நிற்கும். அந்த ‘ம்’ வேகமாக வந்தால் பாட்டி சுருக்குவார், தயங்கி வந்தால் விளக்குவார். கதையின் பாதியை நடத்திச் செல்வது அதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தாளைக் கையில் கொடுத்து, “படிங்க பாட்டி” என்றால் வானொலிச் செய்தி மாதிரிதான் வரும். பேரப்பிள்ளையை மடியில் உட்காரவைத்துப் பதியுங்கள். பின்னால் குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும்.

கைவினைஞரிடமும் அப்படித்தான். எழுதிய வசனத்தை நீட்டாதீர்கள். மொழியறிஞர் கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்புக்காகச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகள் பதிந்தபோது, பெரும்பாலான மொழிக்காரரிடம் பைபிளின் ஊதாரி மகன் உவமையைச் சொல்லச் சொன்னார்கள். மொழிகளை ஒப்பிட அது உதவியது. பேசியவரின் சொந்த வாழ்க்கையைக் கேட்க உதவாது. “உங்கள் பாரம்பரியம் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எவருக்கும் வாய் வராது. “இந்த வருஷம் கோரை எங்கே வாங்கினீங்க? நனைஞ்சது போதும்னு எப்படித் தெரியும்? எந்த எழுத்தை நெய்யறது கஷ்டம்?” என்று கேட்டுப் பாருங்கள். தென்பாண்டித் தமிழ் அதன் சுருதியோடு வரும். அதைத் திருத்தவும் வேண்டாம். கி. ராஜநாராயணன் கரிசல் கதைகளைச் சொன்னவர் வாய்மொழியிலேயே அச்சேற்ற அவ்வளவு மெனக்கெட்டார். இழுவையையும் மூச்சையும் தாளில் எழுத முடியாது என்ற தடை அவருக்கு இருந்தது, நமக்கு இல்லை.

பத்தாண்டுகளுக்கு முன்பே கோ-ஆப்டெக்ஸ், சேலையோடு அதை நெய்தவரின் படம், பெயர், நெய்ய எடுத்த நாட்கள் ஆகியவை கொண்ட அட்டையை இணைத்து விற்றது. அந்த அட்டையில் ஒரு குரலைச் சேர்ப்பது இயல்பான அடுத்த படி. தமிழக அரசின் கைவினைப் பொருள் விற்பனை நிலையமான பூம்புகாரும் இதைச் செய்யலாம். அந்தக் குரல்களை ஏதோ ஒரு தனியார் செயலியில் விட்டுவைக்காமல் பொது நூலகத்தில் சேர்க்க வேண்டும். 1954-ம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சிட்ட புத்தகத்தின் பிரதி கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒலிப்பதிவுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. நாடாளுமன்றம் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சுதந்திர இந்தியாவில் முதலில், 1948-லேயே, பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. மாவட்ட மைய நூலகங்களில் ஒலிப் பிரிவு தொடங்க நூலகத் துறையின் ஓர் ஆணை போதும்.

அரசு செய்யட்டும். அதற்குள், உங்கள் வீட்டில் கதை சொல்லக்கூடியவர் இருந்தால் இந்த விடுமுறையிலேயே பதிந்துவிடுங்கள். தொடங்கும்போது பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்து, மூன்றாவது ஒன்றைச் சொன்னவரிடமே கொடுத்துவிடுங்கள்.