வெள்ளைச் சீருடையும் வீட்டின் பின்புறமும்

திங்கட்கிழமை காலைக் கூட்டத்திலே மாணவரின் சீருடையை நாம் பரிசோதிக்கிறோம். வெண்மை குன்றியிருப்பின் கண்டிக்கிறோம்; பழுப்பேறியிருப்பின் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துகிறோம். அந்த வெண்மை யாருடைய முதுகு வளைந்ததனால் வந்தது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டம் துணியைத் தந்தது. பாடசாலை விதி அத்துணியின் வெண்மையை வற்புறுத்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையே, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிணற்றடியிற் குனிந்து நிற்கும் பெண்ணை, அரசும் காணவில்லை; ஆசிரியராகிய நாமும் காணவில்லை.

காணாமைக்குக் காரணம் உண்டு. அவள் நிற்குமிடம் வீட்டின் பின்புறம். நமது வீட்டுப் படங்களில் அப்பின்புறம் வெற்றுத்தாளாகவே விடப்படுகிறது.

பிறரைக் குறைகூறுமுன் எம் குறையைச் சொல்லிவிடுகிறோம். அண்மையில் எமது பழைய வீட்டைத் திருத்தமுற்பட்டோம். படவரைஞர் கொணர்ந்த படத்திலே விறாந்தைக்கு அளவு இருந்தது. சுவாமி அறைக்குத் திசை இருந்தது. துவிச்சக்கரவண்டியன்றி வேறு வாகனம் அறியாத எமக்குப் பத்தடிக்குப் பதினெட்டடியில் ஒரு கார்க் கொட்டகையும் இருந்தது. பெண்விடுதலை பற்றி மேடையேறிப் பேசிய நாம், அப்படத்தை மும்முறை பார்த்துத் தலையசைத்தோம். எம் தாயார் ஒருமுறைதான் பார்த்தார்.

"தம்பி, வீடு வடிவாய்த்தான் இருக்கு. உடுப்பு எங்கை தோய்க்கிறது?" என்று கேட்டார்.

"அதைப் பிறகு பின்னாலை எங்கையேன் பார்த்துக்கொள்ளலாம் அம்மா" என்றார் படவரைஞர்.

நாற்பது ஆண்டுகளாக அத்தாய் 'பின்னாலை எங்கையேன்' தான் தோய்த்து வந்திருக்கிறார். எமது பட்டமும் எமது வெள்ளைச் சட்டையும் அந்த 'எங்கையேன்' என்னும் இடத்திலிருந்தே வந்தவை.

அடுத்த ஞாயிறன்று அவ்வேலையை நாமே செய்து பார்த்தோம். தோய்க்கும் கல் முழங்காலுக்குக் கீழே இருந்தது. வாளிக்கு வாளி குனிந்து நிமிர வேண்டியிருந்தது. கல்லிலிருந்து கொடிக்கு இருபத்திரண்டு அடிகள். நனைந்த படுக்கைவிரிப்பைச் சுமந்து பன்னிரண்டு தடவை நடந்தோம். நண்பகலில் மழை தூறியது. அனைத்தையும் வாரிக்கொண்டு ஓடி, கதிரைகளிலும் கதவுகளிலும் விரித்தோம். அன்றிரவு எமது இடுப்பு எமக்குப் போதித்த அரசியலை, பத்தாண்டுக் காலம் படித்த நூல்கள் போதிக்கவில்லை.

இதனைச் சொன்னபோது இருவகை மறுப்புகள் எழுந்தன. ஒருவர், "எமது பாட்டிமார் கல்லிலே தோய்த்துத்தான் திடகாத்திரமாயிருந்தனர், அது நல்ல தேகாப்பியாசம்" என்றார். நல்லது; அத்தேகாப்பியாசத்தை அவர் ஏன் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை? உழைப்பின் பெருமையை உழைக்காதவர் பாடும்போது அது புகழ்ச்சியன்று, ஏய்ப்பு. மற்றவர், "ஒரு சலவை இயந்திரத்தை வாங்கிவிட்டால் காரியம் முடிந்தது" என்றார். முடியவில்லை என்பதை எத்தனையோ வீடுகளிற் காண்கிறோம். இயந்திரம் குசினி மூலையிலே முடங்கிக் கிடக்கிறது. கழிவுநீர்க் குழாய் முற்றத்திற் கிடக்கிறது. நீரை வாளியாற் சுமந்து ஊற்றுகிறாள் அதே பெண். இடத்தை வகுக்காமற் பொருளை வாங்குவது பிரச்சினையைத் தீர்ப்பதன்று. தவணைப்பணத்தோடு அதனை மறைப்பதேயாகும்.

பின்புறத்தைப் பற்றிப் பேசுகையில் மற்றோர் உண்மையை மறைத்தல் நேர்மையன்று. நமது 'நல்ல' வீடுகளிலே சலவைக்கு இடம் வகுக்கப்படாமைக்குச் சாதியமைப்பே முதற்காரணம். அழுக்கு மூட்டை பின்கதவால் வெளியேறிற்று. வெளுத்த துணியாகத் திரும்பி வந்தது. இடையில் நிகழ்ந்த உழைப்பு சலவைத் தொழிலாளியினுடையது. அவருக்குக் கூலியன்று, அறுவடைக்காலத்து நெல்லே அளக்கப்பட்டது. எவருடைய துணியை வெளுத்தாரோ அவருடைய கிணற்றிலே நீரள்ளும் உரிமையும் மறுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டமும், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடை வாயிலிலும் கோயில் வாயிலிலும் நடந்த போராட்டங்களும் அவ்வமைப்பை உலுப்பின. அத்தொழிலாளியின் பிள்ளைகள் கல்வி கற்றுத் தலைநிமிர்ந்து வெளியேறினர். அது நமது காலத்தின் பெரும் வெற்றி. ஆயின் அவர் இறக்கிவைத்த மூட்டையை எடுத்தவர் யார்? வீட்டுத் தலைவன் எடுக்கவில்லை. அது அப்படியே பெண்ணின் தலையிலே ஏற்றப்பட்டது. அடிமைத்தனம் ஒழியவில்லை, வாயிலை மாற்றிக்கொண்டது.

எனவே வீட்டுப்படத்தைத் திருத்துவது சிறு காரியமன்று. நாம் செய்ததைச் சொல்கிறோம். நண்பர்கள் இதனினும் நன்றாகச் செய்யலாம்.

கார்க் கொட்டகையைப் படத்திலிருந்து நீக்கினோம். மீந்த பணத்திலே, குசினிக்கும் குளியலறைக்கும் அடுத்து ஆறடிக்கு எட்டடியில் ஒரு சலவையறை வகுத்தோம். குளியலறைச் சுவரை ஒட்டியிருப்பதனால் நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் குறுகின, செலவும் குறைந்தது. முன்வாயில் கொண்ட இயந்திரம் ஏறத்தாழ அறுபது சென்ரிமீற்றர் அகலமும் அதேயளவு ஆழமும் எண்பத்தைந்து சென்ரிமீற்றர் உயரமும் உடையது. கதவைத் திறந்து கூடையோடு நிற்க, அதன்முன் மூன்றடியேனும் வெறுமையாக விடவேண்டும். கையால் தோய்க்கும் தொட்டியை இடுப்புயரத்திற் கட்டினோம், குனிதல் நின்றது. தரையைக் குசினித் தரையிலும் இரண்டங்குலம் தாழ்த்தி, வடிகாலை நோக்கி ஐந்தடிக்கு ஓரங்குலம் சரிவு கொடுத்து, வழுக்காத சொரசொரப்பான ஓடு பதித்தோம். வழவழப்பான ஓட்டைப் பதித்துவிட்டு எலும்பு முறிந்தபின் வருந்துவதிற் பயனில்லை. மின்செருகியைத் தொட்டியினின்றும் தள்ளி உயரத்தில் வைத்து, மின்னொழுக்கைக் கண்டவுடன் நிறுத்தும் ஆளியையும் பொருத்தினோம். அறையை ஒட்டி, கூரையுண்டு சுவரில்லை என்னும்படியான தாழ்வாரத்திலே, தோளுயரத்திற் கொடி கட்டினோம். மாரிகாலத்தில் துணியுலரும் இடம் இதுவே.

கழிவுநீரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல். வெடிப்புகளூடே ஊற்றிய நீர் விரைந்து நிலத்தடியைச் சேரும். கிணற்றுக்கட்டிலேயே தோய்ப்பவர் தமது சவர்க்கார நீரையே நாளை குடிப்பவராகலாம். சுண்ணம் கலந்த அக்கடின நீரிலே சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. ஆதலின் மேலும் தேய்க்கிறாள், மேலும் அலசுகிறாள். கிணற்றினின்றும் சலவையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதும், கழிவுநீருக்கு எட்டவோர் ஊறுகுழி அமைப்பதும் சுகாதார நியாயம்.

"சொந்த வீடுள்ளவனுக்குச் சரி, மற்றவர்க்கு?" என்று கேட்கலாம். அதுவே சரியான கேள்வி. மலையகத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே எந்த மூலையைச் சலவைக்கு ஒதுக்குவது? நாள் முழுதும் கொழுந்து பறித்த பெண், பொழுது சாய்ந்தபின் பீலிக்கரையிலே தோய்க்கிறாள். இங்கே தனிவீட்டுத் திருத்தம் போதாது, பொதுவசதி வேண்டும். இது கனவன்று. 1927க்கும் 1930க்கும் இடையில் வியன்னாவின் சமூக ஜனநாயக நகராட்சி தொழிலாளர்க்கெனக் கட்டிய கார்ல் மார்க்ஸ் மாளிகையில் 1,382 குடியிருப்புகள் இருந்தன. அவற்றுக்கென இரு பொதுச் சலவைக்கூடங்களும் இருந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குமுன் ஒரு நகராட்சிக்கு இயன்றது, இன்று நமது பிரதேச சபைகளுக்கு ஏன் இயலாது? கூரையிட்ட கூடம், இடுப்புயரக் கற்கள், ஓடும் நீர், ஒழுங்கான வடிகால் என்பன தேர்தல் மேடைகளில் ஏன் கோரிக்கையாகவில்லை? கோருபவர் பெண்கள், மேடையில் இருப்பவர் ஆண்கள் என்பதே விடை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. 1926இல் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர், அடிகளையும் அசைவுகளையும் கணக்கிட்டு பிராங்க்பேர்ட் சமையலறையை வரைந்தார். பெண்ணின் நேரத்தை மீட்பதே அவர் நோக்கம். ஆயினும் அவ்வறை ஒருவர் மட்டுமே நிற்கக்கூடியதாயிருந்தது; அதிற் பெண்ணே தனித்து நின்றாள் என்று பின்வந்தோர் குறைகண்டனர். பாடம் தெளிவானது. வசதியான அறை, வேலையைக் குறைக்கும், வேலையைப் பங்கிடாது. பங்கிட வேண்டியவர் நாம். எமது புதிய சலவையறையில் இருவர் நிற்க இடமுண்டு. ஞாயிறு காலையில் அங்கு நிற்கும் முறை இப்பொழுது எமது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த திங்கட்கிழமை சீருடையைப் பரிசோதிக்குமுன், வகுப்பிலுள்ள ஆண்பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உமது சட்டையைத் தோய்த்தவர் யார்?" மாணவ நண்பர்களே, அக்கேள்வியை எங்களிடமும் திருப்பிக் கேளுங்கள். விடை சொல்ல நாணும் ஆசிரியருக்கு, பிறருடைய சட்டையின் வெண்மையை அளக்கும் உரிமை இல்லை.