ஓர் உறையில் இரண்டு வாள்: கணினியின் துறைகளுக்கு யார் உரிமையாளர்?

ஓர் உறையில் இரண்டு வாளை வைக்க இயலாது என்பது முன்னோர் கண்டறிந்து சொன்ன உண்மை. ஆனால், நாள்தோறும் நாம் பயன்படுத்துகின்ற கணினியின் உள்ளே இரண்டு வாள்கள் ஒரே உறைக்குப் போட்டியிட்டுக் கொண்டிருக்கின்றன. ஒன்று, இயங்குதளத்தின் உயிர்ப்பகுதியாகிய கெர்னல். அதனைத் தமிழில் கருனி என்கிறோம். மற்றொன்று, தாய்ப்பலகையிலேயே பதிந்து வருகின்ற நிலைபொருள். பலரும் 'பயோஸ்' என்ற பெயரால் அறிந்திருப்பது இதனைத்தான்.

லினக்ஸ் நிறுவிய கணினியில் வெப்பநிலையையும் விசிறியின் வேகத்தையும் காண முயன்ற அன்பர்கள் ஒரு செய்தியைக் கண்டிருக்கலாம். "இந்தத் துறை ஏசிபிஐ பகுதியோடு மோதுகிறது" என்று கூறிவிட்டுக் கருனி வேலை செய்ய மறுத்துவிடும். உடனே யாராவது ஒருவர், "கணினி தொடங்கும்போது கருனிக்கு ஒரு கட்டளையைச் சேர்த்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்வார். அது தீர்வு அன்று. பூட்டை உடைப்பதாகும் என்பதே என் கருத்து.

ஏன் என்பதை விளக்குகிறேன்.

மோதல் எப்படி நிகழ்கிறது?

கப்பல் வந்து போகும் இடத்தைத் துறை என்கிறோம். அதுபோல, செயலிக்கும் பிற வன்பொருள்களுக்கும் இடையே தரவு வந்து போகும் இடமும் துறைதான். இன்டெல் வகைச் செயலிகளில் இத்தகைய துறை எண்கள் 65,536 உள்ளன. வெப்பநிலையை அளக்கும் வின்பாண்ட், ஐடிஇ போன்ற சில்லுகள் பலவும் அவற்றுள் இரண்டே இரண்டு துறைகள் வழியாகப் பேசுகின்றன. பதினறும முறையில் அவை பெரும்பாலும் 295, 296 என்னும் எண்களைக் கொண்டவை.

முதல் துறையில் எந்தப் பதிவகம் வேண்டும் என்று எழுத வேண்டும். அதன் பிறகு, இரண்டாம் துறையில் அப்பதிவகத்தின் மதிப்பைப் படிக்கலாம் அல்லது மாற்றலாம். இரண்டு படிகளும் இடையறாமல் நடந்தால்தான் விடை சரியாக இருக்கும்.

ஓர் அகராதியை இரண்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதாக எண்ணிப் பாருங்கள். ஒருவன் 50ஆம் பக்கத்தைத் திருப்பிவிட்டுக் கண் சிமிட்டுவதற்குள், மற்றவன் 90ஆம் பக்கத்தைத் திருப்பி விடுகிறான். முதல் மாணவன் தவறான பக்கத்தைப் படித்து, அதையே சரியென்று நம்புகிறான். படிப்பதோடு நின்றால் கேடு சிறியது. எழுதவும் செய்தால்? விசிறியின் வேகத்திற்குரிய மதிப்பு வேறொரு பதிவகத்தில் போய் விழும். அதனால் விளையும் கேட்டை முன்கூட்டியே சொல்ல முடியாது.

இரண்டாவது ஆள் எங்கிருந்து வந்தார்?

1996இல் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏசிபிஐ என்னும் நெறியை வெளியிட்டன. இதன்படி, உற்பத்தியாளர் எழுதிய கட்டளைகளை நிலைபொருள் அட்டவணைகளாகத் தருகிறது. அவற்றை இயக்குவது கருனி. சமைப்பவர் ஒருவர், செய்முறை எழுதியவர் வேறொருவர் என்ற நிலை இது. வெப்பநிலையைப் பார்க்க வேண்டும் என்று அச்செய்முறையில் இருந்தால், கருனியின் சொந்த இயக்கி பயன்படுத்தும் அதே துறைகளை அதுவும் தொடும்.

இதற்கும் ஆழத்தில் இன்னொன்று உண்டு. 1990இல் வந்த இன்டெல் 386எஸ்எல் செயலியோடு அறிமுகமான எஸ்எம்எம் என்னும் மறைநிலை அது. செயலி அந்நிலைக்குள் செல்லும்போது இயங்குதளம் உறங்கிக் கிடக்கும். விழித்தெழும்போது இடையில் என்ன நடந்தது என்பதை அறியாது.

2009இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.31 பதிப்பு முதல் கருனி கண்டிப்பு காட்டத் தொடங்கியது. ஏசிபிஐ தனக்குரியது என்று அறிவித்த துறையை வேறு இயக்கிக்குத் தருவதில்லை என்பது இயல்பான விதியாயிற்று. அதுவரை இயங்கிய அளவீடுகள் பல கணினிகளில் மறைந்து போயின. பயனர்கள் முணுமுணுத்ததில் வியப்பில்லை.

"என் கணினியில் எனக்கே தடையா?"

இந்தக் கேள்வி நியாயமானது. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் வெப்பநிலையை அறிய உரிமையாளருக்கு உரிமை இல்லையா? உண்டு. ஆனால், நம் சினத்தைத் தவறான இடத்தில் காட்டுகிறோம். கதவைச் சாத்தியது கருனிதான். சாவியை ஒளித்து வைத்தவர் உற்பத்தியாளர்!

துறைகளைத் தட்டிப் பார்ப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், வெப்ப உணரிகளைத் தேடிய லினக்ஸ் மென்பொருள் ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றின் நினைவகச் சில்லைக் கெடுத்தது. அவை தொடங்கவே மறுத்தன. தேடியவரிடம் தீய எண்ணம் எதுவும் இல்லை. எந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்ற குறிப்பு அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் வழி என்ன? பங்கிட்டுக் கொள்வதற்கு வெளிப்படையான முறை வேண்டும். இது கனவு அன்று. 2022இல் வந்த லினக்ஸ் 5.18 பதிப்பில், அசூஸ் தாய்ப்பலகைகளுக்கான உணரி இயக்கி ஒன்று சேர்க்கப்பட்டது. அது நிலைபொருள் பயன்படுத்தும் அதே பூட்டைக் கேட்டுப் பெற்று, தன் முறை வந்தபின் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. பூட்டின் பெயர் தெரிந்தால் சண்டைக்கு இடமே இல்லை. 1999இல் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கி, 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறிய திட்டமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, நிலைபொருளையே திறந்த மூலமாக எழுதிக் காட்டியுள்ளது.

ஆகவே, அன்பர்களுக்கு நான் கூறுவது இதுதான். அந்தப் பிழைச்செய்தியைக் கண்டால், உங்கள் தாய்ப்பலகைக்கென்றே எழுதப்பட்ட இயக்கி உள்ளதா என்று முதலில் தேடுங்கள். நிலைபொருளின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அளவீடு இல்லாமலே இருந்துவிடுங்கள். தவறான எண்ணைக் காட்டும் வெப்பமானியைவிட, வெப்பமானி இல்லாத சுவர் மேல். கட்டுப்பாட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்றால், மாணவர்களின் பாடங்கள் இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள்.

புதிய கணினி வாங்கும்போது எவ்வளவு நினைவகம், எவ்வளவு வேகம் என்று கேட்கிறோம். இதன் வன்பொருள் குறிப்புகள் வெளியிடப்பட்டுள்ளனவா என்றும் கேட்கப் பழகுவோம். வாங்குபவர் கேட்காதவரையில், விற்பவர் சொல்லப்போவதில்லை.