ரொட்டிக்கு விலை மானமா?

தலைவர் பிறந்த நாள் வந்துவிட்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்வதும், நோயாளிகளுக்கு ரொட்டியும் பழமும் வழங்குவதும் நம் தோழர்களின் வழக்கம். நல்ல வழக்கம்! வெடியாகக் கரிந்து போகக்கூடிய காசு ஏழையின் வயிற்றுக்குப் பயன்படுகிறது. அதைக் குறை கூற நாம் பேனா எடுக்கவில்லை.

ஆனால், ரொட்டியின் பின்னாலேயே கைப்பேசி ஒன்று வருகிறதே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. படுத்துக் கிடப்பவரை எழுப்பி உட்கார வைக்கிறார்கள். மூக்கிலே குழாய், கையிலே ஊசி, நழுவிய சேலை, கலைந்த தலை. அவர் கையிலே உள்ள ஒரு ரொட்டியைப் பத்துப் பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பளிச்சென்று ஒரு படம்! மாலைக்குள் வாட்ஸ்அப்பிலே ஊர் முழுதும் சுற்றி வருகிறது. மறுநாள் பத்திரிகை அலுவலகங்களுக்கும் வந்து சேருகிறது. நமது அலுவலகத்துக்கும் வருகிறது, நாமும் வெளியிட்டிருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கேட்கிறோம், தோழர்களே! அந்தக் கட்டிலிலே இருப்பவரிடம், "படம் எடுக்கலாமா?" என்று யாரேனும் கேட்டதுண்டா?

"கேட்டால் வேண்டாமென்றா சொல்லப் போகிறார்?" என்பீர்கள். கேடே அங்கேதான் இருக்கிறது! கையிலே ரொட்டியை வைத்த பிறகு வேண்டாம் என்று சொல்ல ஏழைக்கு வாய் வருமா? வாய் திறக்க முடியாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது பண்ணையார் நியாயம். பாட்டாளிகளின் கட்சி அந்த நியாயத்தைப் பேசலாமா?

நோயாளியின் படத்துக்குள்ள வலிமை தமிழ்நாட்டு அரசியலுக்குப் புதிதல்ல. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டுப் போட்ட அவரது படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. பரங்கிமலைத் தொகுதியிலே வென்றார். 1984-இல் நியூயார்க்கிலே அவர் சிகிச்சை பெற்றபோது எடுக்கப்பட்ட காட்சிகள் ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. பிரச்சாரத்துக்கு வராமலேயே ஆண்டிப்பட்டியிலே வென்றார். இரண்டு முறையும் வேட்பாளர் அவரே. படத்தின் பயனும் அவருக்கே சேர்ந்தது. 2017 டிசம்பர் 20-இல் நடந்தது வேறு. ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்கு முதல் நாள், ஜெயலலிதா மருத்துவமனைக் கட்டிலிலே இருக்கும் காட்சி வெளியிடப்பட்டது. அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. வெளியிடலாம் என்று சொல்லவோ, கூடாது என்று தடுக்கவோ அவர் உயிரோடு இல்லை. அரசியல் வேற்றுமை ஆயிரம் இருக்கட்டும். நோயுற்றுப் படுத்திருந்தவரின் உருவம் தேர்தல் துண்டறிக்கை ஆகலாமா?

முதலமைச்சராக இருந்தவருக்கே அந்த நிலை என்றால், மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு யார் காவல்?

ஒரு படம் என்ன செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். முகத்துக்கு மேலே தொங்கும் வார்டுப் பலகை போதும், நோய் இன்னதென்று சொல்லிவிட. காசநோய் வார்டு என்று தெரிந்தால் முதலாளி மறுபடி வேலை தருவாரா? வீட்டுக்காரர் குடியிருக்க விடுவாரா? மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்ப்பார்களா? இந்தியாவிலே எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், நமது சென்னையிலே. அதன் பிறகு நோயைவிடப் பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒடுங்கியவர்கள் எத்தனை பேர்! அதனால்தான் 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், சட்டம் குறிப்பிடும் சில நிலைகள் தவிர, சம்மதமின்றி ஒருவரின் நிலையை வெளியிடக் கூடாது என்று தடுக்கிறது. வேலை கொடுக்க அந்தச் சோதனையை நிபந்தனை ஆக்கவும் கூடாது என்கிறது.

சட்டத்துக்கு முன்பே இந்தக் காவலை ஏற்றவர்கள் செவிலியர்கள். கையிலே விளக்கேந்தி அவர்கள் எடுக்கும் உறுதிமொழி 1893-இல் எழுதப்பட்டது. நோயாளியைப் பற்றி அறிந்ததை வெளியே சொல்லேன் என்பது அதன் ஒரு பகுதி. அனைத்துலகச் செவிலியர் மன்றம் 1953-இல் வகுத்த நெறிமுறையும் நோயாளியின் மறைவைக் காக்கச் சொல்கிறது. 2021-இல் அதைத் திருத்தியபோது சமூக ஊடகத்துக்கும் அது பொருந்தும் என்று எழுதிவைத்தார்கள்.

செவிலியர் சிலரே இதை மறக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வார்டிலே நின்று ஆடிப் பாடிப் படம் எடுத்துப் போடுவதும், அரிதான புண்ணைப் படமெடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவதும் தவறு. "முகம் தெரியவில்லையே" என்பது சமாதானம் ஆகாது. கையிலே குத்திய பச்சை போதும், பெற்றவளுக்கு அடையாளம் தெரிய! புண் ஆறுகிறதா என்று பார்க்கப் படம் தேவைப்படலாம். அதற்கு நோயாளியிடம் காரணம் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். தேவையான இடத்தை மட்டும் எடுக்க வேண்டும். படம் மருத்துவமனைக் குறிப்போடு இருக்க வேண்டும், செவிலியின் சொந்தக் கைப்பேசியிலே அல்ல.

ஆனால், கரைவேட்டிக் கூட்டம் வார்டுக்குள்ளே நுழையும்போது தடுத்து நிறுத்தச் செவிலிக்கு வலு இருக்கிறதா? 2017 நவம்பரிலே சென்னை டி.எம்.எஸ். வளாகத்திலே ஒப்பந்தச் செவிலியர்கள் திரண்டு போராடினார்களே, அன்று அவர்கள் வாங்கிய மாதச் சம்பளம் 7,700 ரூபாய்! அப்படிப்பட்ட ஒரு பெண், "படம் வேண்டாம் அண்ணே" என்று சொன்னால் நம்மவர் என்ன செய்கிறார்? முறைக்கிறார். மேலதிகாரியைக் கூப்பிடு என்கிறார். மாற்றல் என்று மிரட்டவும் துணிகிறார். கடமையைச் செய்பவளை மிரட்டிவிட்டு, மேடையிலே உழைப்பவர் உரிமை பேசினால் யார் நம்புவார்?

உரிமை என்றோம், வெறும் பேச்சல்ல. தன்மறைவு அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்பைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவுப்படி 3 ஆண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றம். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி இதழ்களிலே வெளியிடக் கூடாது என்று மருத்துவர்களுக்கு 2002-லேயே விதி வகுத்தார்கள். படித்த மருத்துவருக்கு உள்ள கட்டுப்பாடு பழம் கொடுக்கப் போகும் நமக்கு வேண்டாமா?

"அப்படியானால் மருத்துவமனைச் சீர்கேட்டை எப்படி வெளிக்கொணர்வது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கட்டில் இல்லாமல் தரையிலே கிடத்தினால், மருந்து அறை காலியாக இருந்தால், கூரை ஒழுகினால், தாராளமாகப் படம் எடுங்கள். குறையைக் காட்டுங்கள், குறைக்கு ஆளானவரின் முகத்தை, அவர் விரும்பினாலன்றி, காட்டாதீர்கள். "நோயாளியின் மறைவைக் காக்கிறோம்" என்று சொல்லித் தன் குற்றத்தை மறைக்கப் பார்க்கும் நிர்வாகத்துக்கு இந்தத் தலையங்கம் கேடயம் ஆகாது.

ஆகவே, கிளைக்கழகத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: கொடுங்கள், குறைவின்றிக் கொடுங்கள். வார்டுச் செவிலியிடம் முதலில் கேளுங்கள்; அவர் வேண்டாம் என்றால் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புங்கள். படம் வேண்டுமானால் பழக்கூடையோடு வெளியே நின்று எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலிலே இருப்பவரின் படம் இனி வந்தால், அனுப்புகிறவர் எத்தனை பெரிய பொறுப்பிலே இருந்தாலும், இந்த ஏட்டிலே இடம் பெறாது.

மானமும் அறிவும் மனிதர்க்கு அழகு என்று கேட்டு வளர்ந்த இயக்கம் இது. பசிக்கு ரொட்டி கொடுத்துவிட்டு மானத்தைப் பறித்துக்கொண்டு வருவது அந்த இயக்கத்துக்கு அடுக்காது.