நின்று பார்த்தவர்கள்

றியோ டி ஜனைரோ நகரத்து மரக்கானா அரங்கின் பெயரைக் கேட்டிராத உதைபந்தாட்டப் பிரியர் எவரும் இரார். உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டரங்கு என்று ஒரு காலத்திற் புகழப்பட்ட அவ்வரங்கு, 2010ஆம் ஆண்டு தொடக்கம் 2013ஆம் ஆண்டு வரை உள்ளே ஏறக்குறைய முழுவதும் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. அந்தப் புதுப்பிப்பைப் பற்றியே இவ்வாரம் வாசகருடன் சிறிது உரையாட விரும்புகிறோம். பந்தாட்டத்தில் நாட்டமில்லாதோர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. ஒரு நகரத்து ஏழை மக்களுக்குச் சொந்தமாயிருந்த ஓர் இடம் அவர்கள் கையைவிட்டுப் போன கதையும் இதனுள் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நடந்த முதலாவது உலகக் கிண்ணப் போட்டியை 1950இல் நடத்தும் பொறுப்பு பிறேசில் நாட்டைச் சேர்ந்தது. அதற்கென ஓர் அரங்கு கட்ட வேண்டும். எங்கே கட்டுவது என்பதில் நகரம் இரண்டுபட்டது. நகரின் நடுவிலிருந்து வெகு தூரத்திற் கட்டலாம் என்றார் சிலர். மாரியோ பீலியோ என்ற பத்திரிகையாளர், பழைய குதிரைப் பந்தயத் திடலிலேயே, மக்கள் எளிதில் வந்து சேரக்கூடிய மரக்கானாவிலேயே கட்ட வேண்டும் எனத் தமது விளையாட்டுப் பத்திரிகையில் ஓயாது எழுதினார். அவர் எண்ணமே நிறைவேறிற்று. பிறேசில் உதைபந்தாட்டத்தில் கறுப்பின மக்கள் இடம்பெற்ற வரலாற்றை 1947இலேயே நூலாக எழுதியவர் அவர். 1966இல் அவர் இறந்தபின் அரங்குக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்றும் சட்டப்படியான பெயர் அதுவே. மரக்கானா என்பது ஊர்வழக்கு.

1948 ஆகஸ்டில் வேலை தொடங்கிற்று. 1950 யூன் மாதத்தில், சாரங்கள் முற்றாக நீங்குமுன்னரே திறந்துவிட்டார்கள். அவ்வாண்டு யூலை 16ஆம் நாள் பிறேசிலும் உருகுவேயும் இறுதியாட்டம் ஆடின. கட்டணம் செலுத்தி நுழைந்தோர் மாத்திரம் 1,73,850 பேர். மொத்தத்தில் இரண்டு இலட்சத்தை எட்டிய கூட்டம் என்பர். அக்காலத்து றியோ நகரின் குடித்தொகையோடு ஒப்பிட்டால் அஃது ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு! ஆட்டம் சமமாக முடிந்தாலே கிண்ணம் பிறேசிலுக்கு என்ற நிலை. முதற் கோலும் அவர்களே போட்டார்கள். பின்னர் உருகுவே இரண்டு போட்டது. அன்று அரங்கில் நிலவிய மௌனத்தைப் பற்றிப் பிறேசில் நாட்டார் இன்றும், ஒரு பெரிய மரணத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலிலேயே பேசுகிறார்கள். கோல் காத்த பார்போசா என்ற கறுப்பினத்தவரை அந்நாடு அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை. பழைய மரக் கோற்கம்பங்களை மாற்றியபோது அவற்றை அவரிடமே கொடுத்தார்களாம். அவரோ அவற்றை விறகாக்கி இறைச்சி சுட்டுத் தின்றாராம். இப்படியொரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, நமக்கு அவர்மேல் மதிப்பே உண்டாகிறது.

அந்த அரங்கின் அமைப்பை வாசகர் மனக்கண்ணாற் காண வேண்டும். முட்டை வடிவமான பெரிய சீமெந்து வட்டம். மேலே படிவரிசைகள், அவற்றின்மேற் பாதியளவுக்கு நிழல்தரும் சீமெந்துக் கூரை. எல்லாவற்றிற்கும் கீழே, மைதானத்தை ஓர் அகழி பிரிக்க, அதனை ஒட்டிச் சுற்றிவரும் தாழ்ந்த தளம் ஒன்று. அதற்கு ‘ஜெரால்’ என்று பெயர். பொது இடம் என்று நாம் பொருள் கொள்ளலாம். அங்கே இருக்கையும் இல்லை, கூரையும் இல்லை. வெயிலும் மழையும் நேரே தலையில் விழும். தளம் தாழ்ந்திருப்பதால் ஆட்டக்காரரின் கால்களே கண்ணுக்கு நேரே தெரியும். மைதானத்தின் மறுபக்கத்தில் நடப்பதைப் பாதி பார்த்துப் பாதி ஊகித்துக்கொள்ள வேண்டும். மேற்படிகளில் இருப்போர் எறியும் குப்பையும், சொல்லக் கூசும் வேறு சிலவும் கீழே நிற்பவன் தலையிலேதான் வந்து விழும். எனினும் நுழைவுச் சீட்டின் விலையோ மிகச் சொற்பம். கூலிவேலை செய்பவனும், தெருவில் பண்டம் விற்பவனும், குன்றுச் சேரிகளில் வாழும் சிறுவனும் அங்கே நின்றார்கள்.

நின்றார்கள் என்றா சொன்னோம்? ஓடினார்கள் என்பதே பொருந்தும். பந்து வலப்புறம் போனால் அகழியோரமாக அவர்களும் வலப்புறம் ஓடுவர்; இடப்புறம் வந்தால் இடப்புறம் ஓடுவர். ஒருவன் கழகக் கொடியைப் போர்வையாக்கியிருப்பான். வேறொருவன் சூப்பர்மான் வேடத்தில் வருவான். பயிற்றுநர் காதில் விழும் தூரத்தில் நின்று அவருக்கே உபதேசம் செய்வார் ஒரு கிழவர். தொலைக்காட்சிக்காரர் ஆட்டம் சலித்தபோதெல்லாம் இவர்களையே படம்பிடித்தார்கள். இவர்களுக்கு ‘ஜெரால்டீனோ’ எனத் தனிப்பெயரும் வழங்கிற்று. 1969 நவம்பரிற் பெலே தமது ஆயிரமாவது கோலைப் போட்டது இந்த அரங்கிலேதான்.

அந்தப் பழைய நாட்களை அப்படியே போற்றிப் பாடுவது நம் நோக்கமன்று. 1992 யூலையில் ஓர் இறுதியாட்டத்தின்போது மேற்படிவரிசையின் தடுப்புக் கம்பி முறிந்து, மக்கள் கீழே விழுந்தனர். மூவர் உயிர் துறந்தனர், காயமுற்றோர் பலர். வயதான கட்டிடம், அளவிறந்த கூட்டம், பராமரிப்பின்மை ஆகியவை ஒன்றுசேர்ந்தால் வேறென்ன நேரும்? 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ அரங்கிலே நெரிசலில் 97 பேர் மாண்டதை உலகம் மறக்கவில்லை. ஆகவே திருத்தம் வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. முதலில் 1999–2000இற் சில மாற்றங்கள் செய்தார்கள். 2005இல் ஜெரால் என்னும் நிற்கும் தளத்தை மூடி, மைதானத்தைத் தாழ்த்தி, அங்கும் இருக்கைகள் பொருத்தினார்கள். இவ்வாறு 2007ஆம் ஆண்டு அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் விளையாட்டு விழாவுக்கு அரங்கு ஆயத்தமாயிற்று. இத்துணைப் பணம் செலவிட்டபின், 2014 உலகக் கிண்ணத்தின் பொருட்டு 2010இல் மறுபடியும் மூடிப் பெரும் பகுதியை இடித்தார்கள்!

இம்முறை செய்த வேலையிற் பொறியியற் சிறப்பு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. பழைய சீமெந்துக் கூரையின் இரும்பு துருப்பிடித்துப்போனதென்று சோதனையிற் கண்டு அதனை அகற்றினார்கள். புதிய கூரை துவிச்சக்கர வண்டியின் சில்லைப் படுக்கவைத்தாற் போன்றது. வெளியே அழுத்தத்தைத் தாங்கும் ஓர் இரும்பு வளையம். உள்ளே இழுவிசையைத் தாங்கும் வளையங்கள். இரண்டையும் இணைக்கும் கம்பி வடங்கள் சில்லின் ஆரக்கம்பிகள் போல விறைத்து நிற்க, அவற்றின்மேல் வெண்ணிற மென்தகடு விரிக்கப்பட்டிருக்கிறது. பார்வையை மறைக்கும் தூண் ஒன்றும் இல்லை. இருக்கைகளிற் பெரும்பாலானவை இப்போது நிழலில் இருக்கின்றன. எந்த இருக்கையிலிருந்தும் மைதானம் முழுவதும் தெரிகிறது.

ஆனால் 2000ஆம் ஆண்டில் நாட்டின் மரபுச் சின்னமாகப் பதிவுசெய்யப்பட்ட அரங்கில் எஞ்சியது என்ன? வெளிச்சுவரும் தூண்களும் சாய்தளங்களுமே. மேலும் கீழுமாக இருந்த இரண்டு அடுக்குகள் போய், ஒரே சரிவான இருக்கை வரிசைகள் வந்துவிட்டன. தெருவில் நின்று பார்ப்பவனுக்கு அது பழைய மரக்கானாவே. உள்ளே புகுந்தாலோ, ஐரோப்பாவில் அண்மைக்காலத்தில் எழுந்த எந்த அரங்குக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது அரிது. இரண்டு இலட்சம் பேர் கூடிய இடத்தில் இப்போது 79,000 பேருக்கும் சற்றுக் குறைவாகவே அமரலாம். செல்வருக்குத் தனியறைகள் உண்டு. பழைய ஜெரால்டீனோ கொடுத்த சில்லறைக்கு அங்கே ஓர் இருக்கையும் இல்லை.

பாதுகாப்பு வேண்டுமாயின் இந்த விலை கொடுத்தே ஆகவேண்டும் என்பார் உளர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஹில்ஸ்பரோவுக்குப் பின் 1990இல் இங்கிலாந்தில் வெளிவந்த நீதிபதி டெய்லரின் அறிக்கை, பெரிய அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது உண்மை. நிற்றல் தன்னளவிலே அபாயமானதன்று என்பதும், இருக்கை வருவதாற் கட்டணம் பெரிதும் உயரவேண்டியதில்லை என்பதும் அவ்வறிக்கையிலேயே உள்ளன. முதற் பகுதியை எல்லா நாட்டாரும் மனப்பாடம் செய்தார்கள்; மற்றப் பகுதியைப் படித்தவர் சிலரே போலும்! ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகர அரங்கிற் கோலுக்குப் பின்னால் உள்ள ஒரு பக்கத்தில் மாத்திரம் ஏறத்தாழ 25,000 பேர் நின்று பார்க்கிறார்கள். இடையிடையே தடுப்புக் கம்பிகள், அளவோடு விற்கப்படும் சீட்டுக்கள், குறைந்த கட்டணம் ஆகியவையே அங்குள்ள ஏற்பாடு. இங்கிலாந்திலும் 2022இல், தக்க கம்பித் தடுப்புள்ள இடங்களில் நின்று பார்க்க உயர்நிலைக் கழகங்களுக்கு மீண்டும் அனுமதி வழங்கப்பட்டது. றியோவில் அத்தகைய ஏற்பாட்டைச் செய்யும் அறிவோ பொருளோ இல்லாமற் போகவில்லை. செலவு 100 கோடி ரியாலுக்கு மேற் சென்றதே!

அப்பணத்தின் கதையை விரித்துரைக்க விருப்பமில்லை. அவ்வேலைக் காலத்தில் மாநில ஆளுநராக இருந்தவர் 2016இற் கைதுசெய்யப்பட்டபோது, இக்கட்டிட வேலையிற் கையூட்டுப் பெற்றார் என்பதும் அவர்மேல் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று எனக் கூறி அமைவோம். 2013 யூனில் மக்கள் இலட்சக்கணக்காகத் தெருவில் இறங்கினார்கள். அரங்குகளுக்குக் கிடைத்த பணம் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். 2014 இறுதியாட்டத்தில் ஜெர்மனி ஆர்ஜென்டீனாவை வென்றது. 2016 ஒலிம்பிக்கில் பிறேசில் அதே ஜெர்மனியைத் தண்ட உதையில் வென்று தங்கம் பெற்றது. விழாக்கள் முடிந்தன. 2017 தொடக்கத்தில் அரங்கைப் பார்ப்பது யார் பொறுப்பு என்ற வழக்கிடையே புல் காய்ந்தது, இருக்கைகள் பிடுங்கப்பட்டன, கட்டணம் செலுத்தாமையால் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. பின்னர் பிளமெங்கோ, புளுமினென்சே என்னும் இரு கழகங்கள் பொறுப்பேற்றன. 2024இல் இருபது ஆண்டுகளுக்கு அவ்வுரிமை அவற்றுக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு செய்தியை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தோம். ஆசிரியத் தொழிலில் இருப்பதால் நம் மனத்தை அதிகம் தொட்டது அதுவே. அரங்கின் அயலில் நகரசபைப் பள்ளி ஒன்று இருந்தது. பிரீடன்ரைக் என்ற பழைய ஆட்டக்காரரின் பெயரை அது தாங்கியிருந்தது. அவர் தந்தை வழியில் ஜெர்மானியர், தாயோ கறுப்பினத்தவர். 1919இல் உருகுவேக்கு எதிராக அவர் போட்ட கோலே தென்னமெரிக்கக் கிண்ணத்தைப் பிறேசிலுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பள்ளியையும், அருகிலிருந்த ஓட்டப் போட்டி மைதானத்தையும், நீச்சற் குளத்தையும் இடித்துவிட்டு, அரங்கைச் சூழ வேறு வசதிகள் அமைப்பது திட்டம். பிள்ளைகளும் பெற்றோரும் ஆசிரியரும் மாதக்கணக்காக எதிர்த்து நின்றார்கள். பதாகை ஏந்திப் பள்ளி வாசலில் நின்றார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். ஓட்டப் போட்டி மைதானம் 2013 தொடக்கத்திலேயே மூடப்பட்டு, அதன் ஓடுபாதை கட்டிட வேலைக்குரிய கிடங்காகிப் பாழாயிற்று. தெருப் போராட்டங்களின் சூடு தணியாதிருந்த அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஆளுநர் தமது முடிவை மாற்றிக்கொண்டார். பள்ளியை இடிக்க வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.