அரை எச்.பி.க்குக் கீழேயும் பம்ப் உண்டுங்க!



பம்ப் என்றால் கோயமுத்தூர் என்பது ஊரறிந்த சேதி. 1932-ல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே முதல் மின் மோட்டாரை இங்கே உருவாக்கினார்கள். மாடு பூட்டிக் கவலை இறைத்த தோட்டங்களில் மெல்ல மெல்ல மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இன்றைக்கும் பீளமேடு, கணபதி பக்கம் போனால் வைண்டிங் பட்டறை இல்லாத வீதியைத் தேடத்தான் வேண்டும்.

இந்தப் பெருமையோடு ஒரு மிதப்பும் நம்மிடம் சேர்ந்துவிட்டது. அரை எச்.பி.க்குக் குறைந்ததை நாம் பம்ப் என்றே மதிப்பதில்லை. 12 வோல்ட் பம்ப் என்று சொல்லிப் பாருங்கள், "மீன் தொட்டிக்கா?" என்று கேட்பார்கள். அதே பம்ப்தான் நம்ம ஊர்த் தோட்டத்தில் பேட்டரி ஸ்பிரேயருக்குள் உட்கார்ந்து மருந்தடிக்கிறது. அதன் பங்காளி 24 வோல்ட்டில், சமையலறை ஆர்.ஓ. மிஷினுக்குள் இருக்கிறது. தினமும் அது தள்ளிவிட்ட தண்ணியைக் குடித்துக்கொண்டே அதைக் கேலி பேசுகிறோம்!

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன்? 2012-ல் கோவையில் ராத்திரியும் பகலுமாகப் பத்து மணி நேரத்துக்கும் மேலே கரண்ட் இல்லாத நாள்கள் இருந்தன. வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். லைட் எரிந்தது, பேன் சுற்றியது, தண்ணி மட்டும் மேலே ஏறவில்லை. அரை எச்.பி. மோட்டார் ஓடும்போதே 3, 4 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல 5 மடங்குக்குக் குறையாது. 900 வி.ஏ. இன்வெர்ட்டர் அதற்கு எங்கே போகும்? 'ஓவர்லோட்' காட்டிவிட்டுப் படுத்துவிடும். எங்க அமுச்சி சொல்லும்: "சம்ப்புல தண்ணி கெடக்குது கண்ணு, மேல தொட்டி காஞ்சு கெடக்குது. கொடத்துல மொண்டு மொண்டு இடுப்பே போச்சு." சிறுவாணித் தண்ணியோ பில்லூர்த் தண்ணியோ எல்லா வீதிக்கும் தினமும் வருவதில்லை. வந்ததைச் சம்ப்பில் பிடித்து வைத்து மேலே ஏற்றுவதுதான் இங்கே குடித்தனம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1000 லிட்டரை 10 மீட்டர் உயரம் ஏற்ற வேண்டிய வேலை வெறும் 27 வாட்-மணி. சின்ன பம்ப், பத்தில் ஒன்பது பங்கை வீணாக்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 270 வாட்-மணிதான், அதாவது ஒரு சீலிங் பேன் 4 மணி நேரம் சுற்றுகிற கரண்ட். இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. பேட்டரி சாகாமல் இருக்கப் பாதியை மட்டும் எடுத்தாலும் 3000 லிட்டர் மேலே போய்விடும். நிமிஷத்துக்கு 4 லிட்டர்தான் ஏறும், தொட்டி நிறைய 4 மணி நேரம் ஆகும். ஆகட்டுமே, யாருக்கு என்ன அவசரம்? சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர் டி.வி. பார்க்கலாம்.

அப்படியானால் ஏன் பல பேர் வாங்கி மாட்டிவிட்டு, "ஓடலைங்க" என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள்? பெரும்பாலும் பம்ப்மேல் குற்றமில்லை, ஒயர்மேல்தான். 60 வாட் வேலைக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். பேட்டரியிலிருந்து சம்ப் 20 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 40 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் இது ஏறக்குறைய அரை ஓம். 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், பம்ப்புக்குக் கிடைப்பது 9.6. அது ஓடுவதா, முனகுவதா? 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் வந்துவிடும். அல்லது 24 வோல்ட் பம்ப் போடுங்கள்: ஆம்பியர் பாதி, பழைய ஒயரிலேயே இழப்பு 1.2 வோல்ட்தான். ஓம் விதியை மூணு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோமே, அது இதுக்குத்தானுங்க!

கரண்ட் இருக்கும் நேரத்தில் வீட்டு லைனிலிருந்து ஓட்ட நினைப்பவர்கள், கடையில் கிடைக்கிற 2 ஆம்பியர் அடாப்டரை மாட்டிவிடுகிறார்கள். 5 ஆம்பியர் பம்ப்புக்கு அது எந்த மூலைக்கு? தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடாப்டர் கட் ஆகும், மறுபடி வரும், மறுபடி கட் ஆகும். பம்ப் விக்கல் எடுத்த மாதிரி துடிக்கும். ஸ்டார்ட் ஆகும்போது இழுப்பதையும் சேர்த்து, 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். போடுவதுதான் நியாயம்.

இன்னொன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். "குண்டு பல்பைச் சீரீஸில் போட்டு 230-லேயே ஓட்டிடலாம்" என்று யோசனை சொல்லும் மேதைகள் நம் ஹாஸ்டலிலும் உண்டு. பம்ப் ஒழுங்காக ஓடாது. ஆனால் தண்ணிக்குள் இருப்பது 12 வோல்ட் அல்ல, வீட்டு பேஸ்! ஆட்டோ டிரான்ஸ்பார்மரும் அதே கதைதான். பிரைமரி வேறு, செகண்டரி வேறு என்று பிரிந்திருந்தால் மட்டுமே குறைந்த வோல்டேஜுக்குப் பாதுகாப்பு என்ற பேச்சே. ஈரக்கையோடு சம்ப் மூடியைத் திறக்கப் போவது நாமல்ல, நம் அம்மா. பேட்டரியில் ஷாக் பயம் இல்லை, ஆனால் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாயும். ஒயர் தீப்பிடிக்கும். டெர்மினலுக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம்.

நம் லேபில் 220 வோல்ட் டி.சி. ஷண்ட் மோட்டாரை மூன்று முனை ஸ்டார்ட்டரோடு வருஷா வருஷம் ஓட்டி ரெக்கார்டு எழுதுகிறோம். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இந்தச் சின்ன பம்ப்பையும் ஒரு எக்ஸ்பெரிமெண்ட்டாக வைக்கச் சொல்லி, மாணவர் சங்கம் துறைத்தலைவரிடம் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஒரு ஸ்பிரேயர் பம்ப், 20 மீட்டரில் இரண்டு சைஸ் ஒயர், ஒரு பழைய பேட்டரி, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை. வாளி நான் கொண்டு வர்றனுங்க.